வலது பக்கம் காலியான வாரம்

எங்கே போனாலும் பேனர் கட்டத் தோதான இடத்தைக் கண்ணாலேயே அளந்துவிடுவாள் டெய்சி. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபிளக்ஸ் அடிக்கும் கடையில் டிசைனராக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம். டவுன் பஸ் எந்த வளைவில் மெதுவாகும், எந்தக் கிளை எழுத்தை மறைக்கும், டீக்கடையில் நிற்பவரின் கழுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். "நல்ல எடத்துல கட்டுனா மோசமான பேனரும் பேசும்" என்பாள்.

அந்தக் கண்ணை நம்பித்தான் வேலையை விட்டாள். ஒரு மாடி அறையில் கணினியும் இரண்டு நாற்காலியும் போட்டு, கூகுளில் விளம்பரம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள்.

முதலில் வந்தவர் ரெட்டியார்சத்திரம் ஸ்டான்லி. போர்வெல்லுக்குள் விழுந்த மோட்டாரைக் கொக்கி போட்டுத் தூக்கும் லாரி வைத்திருப்பவர். தோப்பு இங்கே இருக்கும், தோப்புக்காரர் சென்னையிலோ பெங்களூரிலோ ஆபீஸில் உட்கார்ந்திருப்பார். காவல்காரர் போன் செய்து மோட்டார் விழுந்துவிட்டது என்று சொன்னதும் எதிரே இருக்கும் கணினியில்தான் அவர் ஆள் தேடுவார். தேடிய பக்கத்தின் வலது ஓரத்தில் ஸ்டான்லியின் பேரும் நம்பரும் நிற்கும். ஓரம்தான். ஆனாலும் யாரும் சண்டைக்கு வராத ஓரம்.

வேலை வரத் தொடங்கியதும் ஸ்டான்லி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று நாலு பேரிடம் சொன்னார். பர்னிச்சர் கடை ஆண்டனிராஜ் வந்தார், நர்சரிக்காரர் வந்தார், சமையல் காண்டிராக்டர் வந்தார். டெய்சியின் தொழில் மொத்தமும் அந்த வாசல் பேச்சில் முளைத்தது.

2016 பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் காலை, ஸ்டான்லி தடதடவென்று படியேறினார்.

"ஏம்மா டெய்சி, எம் போர்டை எவன் புடுங்குனது?"

"எந்த போர்டுண்ணே?"

"கம்ப்யூட்டர்ல இருக்குமே, அதான். காலைல பாக்குறேன், அந்தப் பக்கமே வெறிச்சுன்னு கெடக்கு. எனக்குப் போட்டியா லாரி ஓட்டுறானே நெய்க்காரப்பட்டி மொக்கைச்சாமி, அவன் மட்டும் உச்சில உக்காந்துருக்கான். ராத்திரியோட ராத்திரியா அவந்தான் அவுத்துட்டான்."

தெருவில் கட்டும் பேனருக்கு அப்படித்தான் நடக்கும். டெய்சி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"யாரும் அவுக்கலண்ணே. கூகுள்காரன் அந்தப் பக்கச் செவுத்தையே எடுத்துட்டான். இனிமே மேல நாலு எடம், அடியில மூணு. அம்புட்டுத்தான்."

"அப்ப என்னைய மேல ஏத்து."

"ஏத்துறேன்."

"ஞாயித்துக்கிழம பூசைக்குள்ள ஏத்திரு தாயி. இல்லாட்டி வாசல்ல நின்னு உள்ளதச் சொல்லிருவேன். வருத்தப்படாத."

அவர் இறங்கிப் போன பிறகும் படிகள் அதிர்ந்துகொண்டிருந்ததுபோல் இருந்தது. சொல்லால் சேர்ந்தவர்கள் சொல்லால் கலைவதற்கு ஒரு ஞாயிறு போதும்.

விளம்பரத்தை ஒருவர் தொட்டால் கூகுளுக்குக் கொடுக்கும் விலையை டெய்சி ஏற்றிப் பார்த்தாள். விளம்பரம் அடியிலேயே கிடந்தது. எந்த ஊரில் எப்போது காட்டப்பட்டது என்று பார்த்தபோதுதான் உறுத்தியது. பொழுது விடியும் நேரத்தில், திண்டுக்கல் பக்கத்திலிருந்தே, தினமும் பார்க்கிறார்கள். ஒருவரும் தொடுவதில்லை. காபி குடிக்கும் முன்னால் மோட்டார் தூக்க ஆள் தேடுவது யார்? ஸ்டான்லியின் மனைவி புஷ்பமேரிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அண்ணன் விளம்பரத்தக் காலைல தேடிப் பாப்பீகளா?"

"பாக்காம? செபம் முடிஞ்சதும் நான் பாப்பேன், அவரு பாப்பாரு, கொழுந்தனாருக ரெண்டு பேரும் அவுகவுக வீட்டுல பாப்பாக."

"தொடுவீகளா?"

"ஐயய்யோ, தொட்டா காசு போயிருமாம்ல! கையக் கட்டிக்கிட்டுத்தான் பாப்போம்."

ஃபிளக்ஸை எத்தனை முறை அண்ணாந்து பார்த்தாலும் தேயாது. இது தேயும். பார்ப்பவர்கள் தொடாமலே போனால் யாருக்கும் வேண்டாத விளம்பரம் என்று கூகுள் கணக்கு வைத்துக்கொள்ளும். ஓரம் இருந்தவரைக்கும் போனால் போகிறதென்று அங்கே விட்டுவைத்தது. ஓரம் போனதும் அடிக்குத் தள்ளிவிட்டது. ஸ்டான்லியின் போர்டை அவிழ்த்தது ஸ்டான்லியின் குடும்பம்தான். அதுவும் பாசத்தோடு.

விளம்பரம் தெரியும் ஊர்களிலிருந்து திண்டுக்கல்லை டெய்சி அன்றே வெட்டினாள். சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர். அங்கே மட்டும், ஆபீஸ் நேரத்தில் மட்டும். விளம்பரத்தின் தலைப்பில் மட்டும் திண்டுக்கல் பேரை ஏற்றினாள். வியாழக்கிழமை மேலே மூன்றாவது இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஸ்டான்லியைக் கூப்பிட்டாள்.

"சரி பண்ணிட்டேண்ணே. ஆனா இனிமே உங்க கண்ணுக்குத் தெரியாது."

"துட்டு குடுக்குறவன் நானு. எனக்கே தெரியாதா?"

சென்னையில் பார்த்தால் எப்படித் தெரியும் என்று காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்தாள். ஸ்டான்லி மூக்கு திரையில் படும்படி குனிந்து பார்த்தார்.

"இது நீ வரைஞ்சதுல்ல? எம் மச்சான் கல்யாணப் பேனர்ல அவன யானை மேல உக்கார வச்சவதான நீ?"

"அது வேற, இது வேறண்ணே."

"அப்ப எனக்கு மட்டுமாச்சும் தெரியிற மாதிரி வையி."

வைக்கலாம். விளம்பரம் தெரியும் ஊர்களில் திண்டுக்கல்லைத் திரும்பச் சேர்த்துவிட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும், ஞாயிற்றுக்கிழமையும் தப்பிவிடும். டெய்சி மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாட்டேண்ணே. பேனரு ரோட்டுல போறவுகளுக்கா, கட்டுன வீட்டுக்காரவுகளுக்கா? பழையபடி எல்லாரும் பாத்தீகன்னா மறுபடி அடிக்குத்தான் போகும்."

"ஞாயித்துக்கிழம பேசிக்கிருவோம்" என்று இறங்கிப் போனார்.

ஞாயிறு பூசை முடிந்தது. வாசலில் எல்லோரும் இருந்தார்கள், ஸ்டான்லியைக் காணோம். டெய்சி செருப்பை மாட்டுவதற்குள் ஆண்டனிராஜ் வந்துவிட்டார்.

"எம் விளம்பரத்தையும் காணோம் டெய்சி. ஸ்டான்லி ஒம்மேல கோவமா இருக்காராம்ல?"

பின்னாலிருந்து புஷ்பமேரி குரல் கொடுத்தாள்.

"கோவமா? அவரு பூசைக்கே வரல. வெள்ளிக்கிழம மெட்ராஸ்ல இருந்து ஒரு சாரு போன் பண்ணாரு. தென்னந்தோப்பு மோட்டாராம், நேத்துலருந்து தூக்கிக்கிட்டு இருக்காரு." டெய்சியின் பக்கம் திரும்பினாள். "விளம்பரத்த எங்க பாத்தீகன்னு இவரு கேட்டாராம். மேலதான் இருந்துச்சுன்னு அந்தச் சாரு சொல்லிருக்காரு. அப்பவும் நம்பாம, அதுல என்ன எழுதிருக்குன்னு வாசிக்கச் சொல்லிக் கேட்டாரும்மா இந்த மனுசன்!"

வாசலே சிரித்தது. டெய்சி ஆண்டனிராஜை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, காலைல எந்திரிச்சதும் உங்க விளம்பரத்தத் தேடிப் பாப்பீகளோ?"

ஆண்டனிராஜ் தாடையைத் தடவினார். நர்சரிக்காரர் கோயில் மணிக்கூண்டைப் பார்த்தார். சமையல் காண்டிராக்டர் போனை மெல்லச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

"நாளைக்கு எல்லாரும் ஆபீசுக்கு வாங்க" என்றாள் டெய்சி. "ஒவ்வொருத்தர் கண்ணுல இருந்தும் மறைச்சு விடுறேன்."

அதன் பிறகு விளம்பரங்கள் எத்தனையோ முறை இடம் மாறிவிட்டன. நிறம் மாறின, தேடலின் விடைகளுக்கு நடுவிலும் வந்து உட்கார்ந்தன. ஒவ்வொரு தடவையும் அந்த மாடிப்படியில் ஆள் ஏறும். டெய்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வாள்.

ஸ்டான்லி மட்டும் உறவுக் கல்யாணத்துக்குச் சென்னை போனால், எழும்பூரில் இறங்கியதும் போனைத் திறந்து தேடுவார். உடனே டெய்சிக்கு அழைப்பு வரும்.

"இருக்கு தாயி."

"தொட்டீகளாண்ணே?"

"சேச்சே. கையக் கட்டிக்கிட்டுத்தான் பாத்தேன்."