ஊறப்போட்ட அரிசி

நான்கு வருடங்களுக்கு முன்பு, தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் நாங்கள் இருக்கும் ஃப்ளாட்டில் நடந்தது இது. எங்கள் வீடு தரைத்தளம். இரண்டாவது மாடியில் ஒரு இளம் தம்பதி வாடகைக்கு இருந்தார்கள். அந்தப் பெண் என்னை வாய் நிறைய 'அக்கா' என்பாள்.

அன்று காலை பத்து மணி இருக்கும். ஒரு எவர்சில்வர் குண்டானில் ஊறப்போட்ட இட்லி அரிசியுடன் வாசலில் நின்றாள். அவள் வீட்டு கிரைண்டர் ரிப்பேர். "நாலு மணிக்கு வந்து அரைச்சுக்கறேங்க்கா. நாளைக்கு எங்க அண்ணன் வராரு. என் கையால இட்லின்னா பத்து சாப்பிடுவாரு" என்று சிரித்தபடி குண்டானை என்னிடம் கொடுத்துவிட்டு மாடியேறினாள்.

பன்னிரண்டு மணிக்குள் மொட்டை மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனாள்.

அந்த வீட்டில் அவ்வப்போது சத்தம் கேட்கும். எந்த வீட்டில்தான் கேட்காது என்று நான் டிவியைக் கூட்டி வைத்துவிடுவேன். அவள் விழுந்தபோது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாக அவள் கணவர் சொன்னார். போலீஸ் எங்களை விசாரிக்கும் முன்பே, ஃப்ளாட் செயலாளர் எல்லோரையும் படிக்கட்டு அருகே கூட்டினார். "நமக்கு எதுக்குங்க இந்த பேஜார்? அடிக்கடி வயித்து வலின்னு சொல்லும்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிடுங்க. அந்தப் பொண்ணு பேரும் கெடாம இருக்கும்" என்றார்.

பேப்பரில் எத்தனை 'வயிற்று வலி' தற்கொலைகளைப் படித்திருக்கிறோம்! வண்டியைக் குறுக்கே நிறுத்தினாலே மூன்று மாடிக்கும் கேட்கும்படி சண்டை போடுகிறவள் நான். அன்று வாயே திறக்கவில்லை. அடுத்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை அடித்தாகிவிட்டது. இந்த நேரத்தில் ஸ்டேஷன், சாட்சி என்று அலைவதா? வயிற்று வலி என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். தற்கொலை என்று முடித்துவிட்டார்கள்.

அவள் செத்த மறுநாளே அந்த அரிசி புளித்து வீடெல்லாம் வாடை. வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டுக் குண்டானைக் கழுவும்போதுதான் பார்த்தேன், அடியில் 'அண்ணன் அன்பளிப்பு' என்று வெட்டியிருந்தது. எடுத்துப் பரணில் போட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த அண்ணன் வந்தார். அனகாபுத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறவர். வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கும் வந்தார்.

"அக்கா, என் தங்கச்சிக்கு வயித்து வலியே கெடையாது. அவளா செத்தாளா, எவனாச்சும் தள்ளினானான்னு தெரியாம சோறு எறங்கலக்கா. நீங்க கீழ்வூட்லதான கீறீங்க, அன்னிக்கு அவள பாத்தீங்களா?"

"இல்லப்பா, பாக்கலை" என்றேன். பரணில் குண்டான் இருக்கிறது. அதற்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் சொன்னேன்.

மகள் கல்யாணம் நன்றாக நடந்தது. ஆனால் எனக்குத்தான் கிரைண்டரைப் போடும்போதெல்லாம் பரணில் கிடக்கும் குண்டான் நினைவுக்கு வரும். போன வருடம் ஒருநாள் பொறுக்க முடியாமல் குண்டானை எடுத்துக்கொண்டு அனகாபுத்தூர் போனேன். ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் சொன்னேன். இப்போதாவது ஸ்டேஷனில் வந்து சொல்கிறேன் என்றேன்.

அவர் குண்டானைத் திருப்பி அடியில் இருந்த எழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "எனக்காகவா அரிசி ஊறப்போட்டா?" என்றார். குண்டானைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு வருசம் ஸ்டேஷனுக்கு நடந்தேங்க்கா. புதுசா எதுனா கீதான்னுதான் கேட்டாங்கோ. இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னொரு கேள்வியாச்சும் கேட்டிருப்பாங்கோ இல்ல?" என்றார்.

என்னைத் திட்டவில்லை. மனைவியிடம் டீ போடச் சொன்னார். அந்த டீயைக் குடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. மறுநாள் அவருடன் போய் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதோடு சரி.

அது தற்கொலையா கொலையா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒரு குண்டான் அரிசி எதையும் நிரூபித்துவிடாது என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியின் வாயைப் பொத்தி அடக்கியவர்களில் நானும் ஒருத்தி. இன்றைக்கும் அரிசி ஊறப்போட்டால் நாலு மணிக்கு என் கண் தானாக வாசல் பக்கம் போகிறது.