பதினோரு ஃபோல்டர்களை ஒன்றாக்கியபோது

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியின் மென்பொருள் பதினோரு ப்ராஜெக்ட்களாகச் சிதறிக் கிடந்தது. ஒவ்வொன்றும் தனி ஃபோல்டர். எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாக்குவதைத்தான் பில்ட் என்போம்; எதை முதலில் பில்ட் செய்ய வேண்டும், எதை அடுத்து என்ற வரிசை ஒருவனுக்குத்தான் தெரியும். என் பக்கத்து இருக்கைக்காரன், ஊர் முத்தாபுதுப்பேட்டை, என் வயதுதான். அவன் லீவு போட்டால் அன்று ரிலீஸ் கிடையாது.

“எல்லாத்தையும் ஒரே ஃபோல்டருக்குள்ள கொண்டு வாங்க. யார் வேணும்னாலும் பில்ட் பண்ணணும்” என்று மேனேஜர் என்னிடம் சொன்னபோது பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் அவனருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மேலே ஒரு தாய் ஃபோல்டர், அதற்குள் பதினொன்றும். எது எதை நம்பியிருக்கிறது என்று எழுதிவிட்டால் வரிசையை பில்ட் டூலே கண்டுகொள்ளும். அந்த விவரமெல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. எதையும் மறைக்கவில்லை.

“ரிப்போர்ட் ஃபோல்டர் கீதே, அத்த தனியா உட்றாத மாமே. மத்த எல்லாத்தையும் அதான் இஸ்துகினு கீது.”

ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டான்: “இத்த முட்ச்சிட்டா எனக்கு இன்னா வேல மச்சான்?”

“நிம்மதியா லீவு போடலாம்” என்றேன்.

ஒரே கட்டளையில் பதினொன்றும் பில்ட் ஆன அன்று கேக் வெட்டினோம். சில நாள் கழித்து மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, “அவர் இல்லாம ஓடுமா?” என்றார். எதற்குக் கேட்கிறார் என்று புரிந்தது.

“ஓடும் சார்.”

மறுவாரம் அவனை அனுப்பிவிட்டார்கள். பையில் டிபன் பாக்ஸை வைத்தபடி, “நீ இன்னா மச்சான் பண்ணுவ” என்றான். “எனக்கு எதுவும் தெரியாதுடா” என்றேன். நம்பினான். அவன் நம்பியதைத்தான் தாங்க முடியவில்லை.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு காலை, ஆவடி ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். இளைத்திருந்தான். சிறுசேரியில் ஒப்பந்த வேலையாம். போக மட்டும் இரண்டரை மணி நேரம்.

“அங்கயும் அதே வேலதான். நாப்பது ஃபோல்டர், ஒண்ணாக்க சொல்றானுங்க. ஆக்கிக் குட்த்துட்டா அப்பால இன்னான்னு தெர்ல.”

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ரயில் வந்துவிட்டது. கூட்டத்தில் முண்டியடித்து ஏறியவன், எனக்கும் இடம் பிடித்துவிட்டு, “வா மச்சான்” என்று கை நீட்டினான்.

யாருக்கோ போன் செய்ய வேண்டும் என்று சொல்லி, நான் பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டேன்.