படையலுக்கு வைத்த பிட்டு

கொலிச்சில் நான் படித்தது பியர் காய்ச்சும் படிப்பு. தண்ணீரையும் தானியத்தையும் வீணாக்காமல், சூழலைக் கெடுக்காமல் காய்ச்சுவது எப்படி என்பதுதான் பாடம். அம்மாவுக்குச் சொன்னது, சாப்பாட்டு விஞ்ஞானம் படிக்கிறேன் என்று. அப்பா குடித்துக் குடித்தே ஈரல் கெட்டுச் செத்தவர். உண்மை தெரிந்தால் அம்மா என் முகத்தில் முழிக்கமாட்டாள் என்று பயந்தேன். ஸ்காபரோ அப்பார்ட்மென்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளும் என்னோடு கதைக்காவிட்டால் நான் யாரோடு கதைப்பது?

முளைக்கவைத்து உலர்த்திய பார்லியை உடைத்து, சுடுதண்ணீரில் ஊறவிட்டு, இனிப்பு இறங்கிய தண்ணீரை வடித்து எடுப்போம். அந்தத் தண்ணீர்தான் பிறகு புளித்து பியராகும். மிஞ்சும் சக்கை மாட்டுக்குத் தீனியாகப் போகும், இல்லாவிட்டால் குப்பைக்கு. அந்தச் சக்கையைச் சாப்பாடாக்குவது என் புரொஜெக்ட். ஈரத்தோடு விட்டால் ஒரே நாளில் நாறிவிடும் என்பதால் கொலிச்சிலேயே காயவைத்து, மாவாக அரைத்து, ஐஸ்கிறீம் டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பார்லி மா என்றேன். அது பொய்யில்லைத்தானே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அம்மா அதை அரிசிமாவோடு கலந்து பிட்டு அவித்தாள். கேழ்வரகில் அவிக்கும் குரக்கன் பிட்டுப்போல இருக்கிறது, சுகருக்கும் நல்லது என்று அவளுக்கு ஒரே புளுகம், சந்தோஷம்.

அப்பாவின் திவசம் வந்தது. அந்த விஷயத்தில் அம்மா கடும் கண்டிப்பு. படைக்கமுன் ஒருவரும் வாயில் வைக்கக்கூடாது. மிஞ்சியது, பழையது எதுவும் இலைக்கு வரக்கூடாது. அப்பாவுக்குப் பிடித்ததை வைக்கவேண்டும் என்று மாமா வருஷாவருஷம் மிசிசாகாவிலிருந்து ஒரு போத்தலோடு வருவார். அதைக் காரிலேயே வைத்துவிட்டு வரச்சொல்லுவாள் அம்மா.

அன்று நான் குளித்துவிட்டு வந்தபோது, அப்பாவின் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டாகிவிட்டது. சோறு, கறிகள், நடுவில் பிட்டு. மண்ணிறமாக. நான் கொண்டுவந்த மாதான். மாமா இன்னும் வந்துசேரவில்லை. அம்மா கற்பூரத்தைக் கையில் எடுத்துவிட்டாள். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டு நின்றால் நான் ஒரு மனுசியே இல்லை.

"அம்மா, பொறுங்கோ. உது பியர் காய்ச்சின சக்கை. நான் படிக்கிறதும் அதுதான்."

அவள் திரும்பவில்லை. படத்தைப் பார்த்தபடியே, இதில் குடிவெறி இருக்குமோ என்று கேட்டாள். இல்லை, வெறிக்கிறது எல்லாம் வடித்த தண்ணீரில்தான், இது வெறும் மிச்சம் என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மிச்சத்தைப் படைக்கக்கூடாதே. இலையோடு தூக்கிக் கொட்டிவிடுவாள் என்று நினைத்தேன்.

"குடிச்சது கொப்பர்," என்றாள் அம்மா. "எனக்கும் உனக்கும் வந்தது மிச்சம்தான். இண்டைக்கு அவர் மிச்சத்தைச் சாப்பிடட்டும்."

கற்பூரத்தைக் கொளுத்தினாள். பிறகு வந்த மாமா, இதென்ன இந்த நிறத்தில் பிட்டு என்று கேட்டதற்கு, பார்லிப் பிட்டு என்றாள். என்னோடு அன்று முழுக்க ஒரு சொல் கதைக்கவில்லை.

அடுத்த நாளும் கதைக்கவில்லை. திங்கட்கிழமை காலை கொலிச்சுக்கு வெளிக்கிட்டபோது, என் சப்பாத்துக்குப் பக்கத்தில் அந்த ஐஸ்கிறீம் டப்பா, திரும்பவும் மா கொண்டுவா என்பதுபோல, கழுவித் துடைத்து வைத்திருந்தது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.