எங்கள் வீட்டுச் சூடு

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான்: சூடு. கண்ணில் கட்டி வந்தால் சூடு, முடி கொட்டினால் சூடு, எனக்குக் கோபம் வந்தாலும் சூடு. ஆகவே வளைகாப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று நான் சொன்னதும், என் கணவரின் அக்கா, என் மதினி, யோசிக்கவே இல்லை.

"சூடுதான் ஆத்தா. தொப்புள்ல வெளக்கெண்ணெய வையி, எளநி குடி. தோட்டத்துல எங்களுக்குத் தெனமும் இதே பாடுதான்."

மதினி அனுமந்தன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டப் போகிறவர். அங்கே ஒதுங்க இடம் கிடையாது. அதனால் காலையில் போனால் வீடு திரும்பும் வரை தண்ணீரே குடிக்க மாட்டார். ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொள்வார். நானும் அதே ரகம்தான். உரக்கடையில் பில் போடுகிறேன். கழிப்பறைக்கு பஸ் ஸ்டாண்டு வரை நடக்க வேண்டும்.

எண்ணெய் வைத்தேன், இளநீரும் குடித்தேன். வேறு எதையும் யோசிக்க மனம் வரவில்லை. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்த பிள்ளை! ஏழாம் மாதம்! பச்சைப் பட்டு எடுத்தாயிற்று, ஐந்து வகைச் சோற்றுக்கு ஆள் பேசியாயிற்று. இந்த நேரத்தில் டாக்டரிடம் போய், அவர் ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிட்டால்? சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதை யாரும் கெடுத்துவிடக் கூடாது என்று பயம்.

மறுநாள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடினேன். நாலு சொட்டு வரும், எரியும். கலங்கலாக, வாடையோடு போனது. அடிவயிறு வலித்தது. அப்போது பார்த்து பிள்ளை உள்ளேயிருந்து ஓர் உதை விட்டது. இந்த எரிச்சல் அதையும் ஏதாவது செய்துவிடுமோ? உடனே கிராமத்து நர்சம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு நாளாவா? சூடாவது மண்ணாவது! மாசமா இருக்கப்ப காய்ச்சல் வரட்டும்னா காத்திருப்பாக? இப்பவே கெளம்பி வாம்மா!"

ஆஸ்பத்திரியில் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார்கள். "மொதல்ல வர்றத விட்டுட்டு, நடுவுல வர்றதப் பிடிங்க" என்றார் நர்ஸ். முதல் டப்பாவை நான் கீழே போட்டுத் தொலைத்தது தனிக்கதை. டாக்டரம்மா பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது சூடு இல்லம்மா, கிருமி. எளநி நல்லதுதான், ஆனா அதுக்குக் கிருமி சாகாது. மாசமா இருக்கவங்க லேசா எரிஞ்சாலே அன்னைக்கே வந்துடணும். விட்டா கிட்னிக்கு ஏறும், பிரசவமும் முன்னாடியே வந்துடலாம். குளிர்காய்ச்சல், விலா வலி, வாந்தி, ரத்தம் கலந்து போறது, இதுல ஒண்ணு வந்தாலும் யாரா இருந்தாலும் உடனே வரணும்."

பிறகு வயிற்றில் கருவியை வைத்தார். டக்டக்கென்று அறை முழுக்கக் கேட்டது பிள்ளையின் இதயத் துடிப்பு! நான் அழுதேன், சிரித்தேன், இரண்டையும் சேர்த்தே செய்தேன்.

கர்ப்பிணிகளுக்கு ஏற்ற மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் நாளே எரிச்சல் போய்விட்டது. ஆனாலும் சீட்டில் எழுதிய நாள் வரை விடாமல் சாப்பிடச் சொல்லியிருந்ததால், வளைகாப்பு அன்று காலையிலும் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டே மாத்திரையை விழுங்கினேன்.

ஊரே வந்திருந்தது. கன்னம் முழுக்கச் சந்தனம், மடி நிறையப் பூ. மதினி வளையல் போட என் கையைப் பிடித்தார். சுட்டது.

"என்ன மதினி, கை இப்படிக் கொதிக்குது?"

அவர் குனிந்து என் காதில் சொன்னார். "நேத்துலருந்து குளிர்காய்ச்சல் ஆத்தா. விலாவுல வலி உயிர் போகுது. நல்ல காரியத்துல எப்படிச் சொல்ல? நீ சொன்ன அந்த டப்பா எங்கன குடுப்பாக?"

நான் எழுந்துவிட்டேன். "சோறு ஆறட்டும், ஆட்டோவக் கூப்பிடுங்க" என்று கத்தினேன். எனக்கு ஏறிய சூட்டைப் பார்த்து என் கணவரே ஆட்டோ பிடிக்க ஓடினார்.

சந்தனமும் வளையலுமாக ஆஸ்பத்திரியில் நான் நுழைந்ததைப் பார்த்து நர்ஸ் பதறினார். "எனக்கில்ல, மதினிக்கு" என்றேன். டப்பாவை வாங்கி மதினி கையில் வைத்தேன்.

"மொதல்ல வர்றத விட்டுருங்க மதினி. நடுவுல வர்றதப் பிடிங்க."