மாலை போட்டு நிறுத்திய பஸ்

ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் எல்லை பிரித்தவர்களில் ஒருவரும் பஸ்ஸில் போகிற ஆள் இல்லை. இதை நான் அப்போதே ஆபீசில் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றார்கள். பள்ளிப்பட்டு மதராஸ் பக்கம் போனது, பாலசமுத்திரம் ஆந்திராவில் நின்றது. இரண்டுக்கும் நடுவே ஓடிய தனியார் பஸ்ஸுக்கு இனி இரண்டு ராஜ்யத்து பர்மிட்டும் வேண்டும் என்றார்கள். முதலாளி கொஞ்ச நாள் அலைந்து பார்த்துவிட்டு வண்டியை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

சித்தூரில் சர்க்கார் பஸ் ஆபீசில், புது தடம் போடுகிற பிரிவில் எனக்கு வேலை. ஊர் ஊராகப் போய், எங்கே பஸ் வேண்டும் என்று பார்த்து எழுத வேண்டும். திருப்பதிக்கு என்று எழுதினால் மறுவாரமே வண்டி வரும். ரேணிகுண்டாவில் ரயிலை விட்டு இறங்குகிறவனுக்குக் கால் வலிக்கக் கூடாது. எல்லை ஓரத்து ஜனங்களுக்கு மட்டும் கால் வலிக்காது என்பது மேலே இருந்தவர்களின் எண்ணம்.

பாலசமுத்திரத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். அங்கே வேர்க்கடலை போடுகிற ஒரு விவசாயி என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகள் பள்ளிப்பட்டுக்குப் பஸ்ஸில் போய்த் தமிழில் படித்தவள். பஸ் நின்றதும் படிப்பும் நின்றது. சித்தூரில் தமிழ் வகுப்பு உண்டு. ஆனால் போய்வர வழியில்லை.

"பஸ் வந்தா பட்ச்சிக்கினு இருக்கட்டும் சார். இல்லாங்காட்டி கட்டிக் குடுத்துடுவேன். வயசுப் பொண்ண ஊட்ல ஒக்கார வெச்சிக்கினு இன்னா பண்றது?"

அந்த ஊரிலிருந்து சித்தூருக்கு ஒரு பஸ் வேண்டும் என்று எழுதினேன். திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எழுதினேன், சண்டை போட்டேன். கடைசியில் சோதனையாக மூன்று மாதம் ஓட்டச் சம்மதித்தார்கள். அந்தப் பெண் முதல் நாளே பையோடு ஏறினாள். ஊர்க்காரர்களும் கடலை மூட்டை, கோழி, காய்கறிக் கூடை என்று ஏறினார்கள். உட்கார இடமில்லாமல் நானே பல நாள் நின்றுகொண்டு வந்திருக்கிறேன்.

மூன்றாவது மாதக் கடைசியில் மேலதிகாரி ஒருவர் சொல்லாமல் வந்து, ஒரு நாள் முழுக்க அந்த பஸ்ஸிலேயே போய்வந்து, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்த்து முடிவு எழுதுவார். முன்னாலேயே தெரிந்தால் ஊர்க்காரர்கள் ஆளைக் கூட்டிவந்து ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், அந்த நாளை ஊருக்குச் சொல்லக் கூடாது என்பது விதி. நான் சொல்லவில்லை. கண்டக்டர் சொல்லிவிட்டான். பெரிய ஆபீசர் வருகிறார், மரியாதையாக நடந்துகொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னானாம். எதற்கு வருகிறார் என்று சொல்லவில்லை.

அன்று காலை நானும் அதிகாரியும் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது, ஊர் முனையில் வாழைமரம் கட்டி மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே குளித்து முழுகித் துவைத்த துணியில் நின்றது. ஒருவர் கையிலும் மூட்டை இல்லை. அந்தப் பெண் பட்டுப் பாவாடையில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். தோளில் பை இல்லை.

விவசாயி பஸ்ஸில் ஏறி அதிகாரிக்கு மாலை போட்டுவிட்டு இறங்கினார். அதிகாரி உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

நான் இறங்கிப்போய் விவசாயியின் கையைப் பிடித்தேன். "யோவ், எல்லாரையும் வண்டியில ஏறச் சொல்லு. உன் பொண்ணை ஏத்து முதல்ல."

"இன்னா சார் நீ? அவ்ளோ பெரிய மனுசன் ஒக்காந்துக்கினு இருக்காரு. கோழிக் கூடைய தூக்கிக்கினு அவர் பக்கத்துல போய் குந்தறதா? ஒரு நாள் நடந்தா கால் தேஞ்சா பூடும்?"

"எண்ணறதுக்குத்தான்யா வந்திருக்காரு."

"எண்ணட்டுமே. ஊரே வந்து நிக்குதுல்ல?"

பின்னாலிருந்து ஒரு கிழவர் சொன்னார்: "ஆபீசரு மட்டும் சொகமா போவட்டும்பா. தெனம் நாமதான நெருக்கிக்கினு போறோம்."

பஸ் காலியாகக் கிளம்பியது. வழி ஊர்களுக்கும் கண்டக்டர் சொல்லி வைத்திருந்ததால், அங்கேயும் கும்பிட்டார்களே தவிர ஏறவில்லை. காலையில் போகாதவன் சாயங்காலம் எப்படித் திரும்புவான்? திரும்பும்போதும் காலி. அதிகாரி மாலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏமய்யா, எவரூ எக்கலேதே?" என்றார். ஒருவரும் ஏறவில்லையே என்று கேட்கிறார். நான் சித்தூர் வரும்வரை விளக்கினேன். தினமும் நிற்க இடமிருக்காது, உங்களுக்கு மரியாதை செய்யத்தான் இன்று ஏறாமல் நின்றுவிட்டார்கள் என்றேன். மாலையையும் மேளத்தையும் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது, நீயே சொல் என்றார். அந்த ஆள் கெட்டவரும் இல்லை. கண்ணால் பார்த்ததை எழுதினார். தடம் தேவையில்லை என்று எழுதினார்.

மாதம் முடிந்ததும் பஸ் நின்றது. நான் எழுதிய ஆட்சேபத்துக்குப் பதிலே வரவில்லை. கேட்கப் போனபோது, உனக்கு அந்த ஊரில் சம்பந்தம் ஏதாவது இருக்கிறதா என்று சிரித்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து விவசாயி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். காலெல்லாம் புழுதி.

"நாங்க மரியாதையில இன்னா கொற வெச்சோம் சார்? மேளம் பத்தலியா?"

கொஞ்சம் மரியாதை கெட்டவர்களாக இருந்திருந்தால் பஸ் ஓடியிருக்கும் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மறுபடி பஸ் விடுவார்களா என்று கேட்டார். விடமாட்டார்கள் என்றேன். பொய் சொல்லி அவரை இன்னொரு தடவை நடக்கவிட எனக்கு இஷ்டமில்லை.

அவர் தலையாட்டினார். பெண்ணுக்கு இடம் பார்த்தாகிவிட்டது என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம், பள்ளிப்பட்டுக்குக் கிட்ட. நிலமும் கிணறும் இருக்கிற குடும்பம்.

"அங்க நல்லா பஸ் ஓடுதாம் சார்."

"ஓடுது," என்றேன்.