ஜட்ஜம்மா கொடுத்த வாய்தாக்கள்

குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றிருந்தேன். பெஞ்ச் கிளார்க் என் பக்கம் குனிந்து, "சார், நம்ம மங்கையர்க்கரசி மேடம் தவறிட்டாங்களாம். விடியக்காலம் நெஞ்சுவலி" என்றார். சாட்சியிடம் என்ன கேட்க வந்தேன் என்பதே மறந்துபோயிற்று. எங்கள் ஊரில் குற்றவியல் நடுவராக இருந்துவிட்டு மாற்றலாகிப் போனவர். சாகிற வயதா அது?

நம் வக்கீல்களில் அவரை 'வாய்தா ஜட்ஜம்மா' என்று கேலி பேசியவர்களும் இதைப் படிப்பீர்கள். படியுங்கள். திருட்டு வழக்கில் ஒருவன் குற்றவாளி என்று முடிவான பிறகு, தண்டனை சொல்லும் முன் அவர் ஒன்று கேட்பார்: "வெளிய போனா யார் வீட்டுக்குப் போவீங்க?" பதில் இல்லையென்றால் வாய்தா. ஏற்றுக்கொள்ள ஒரு ஆள் வந்து நிற்கும்வரை வழக்கை முடிக்கமாட்டார்.

என் கட்சிக்காரன் ராசுவுக்கும் அதுதான் நடந்தது. மோகனூர்ப் பக்கம் கிணற்று மோட்டாரில் செம்புக் கம்பி உருவுகிறவன். பழைய வழக்குகள் வேறு. ஜாமீனில் இருந்தவன் பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தான். அவனுடைய அண்ணன், தேடிப்போனவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டார். எனக்குப் பொறுமை போயிற்று. "மாசக் கடைசிங்க மேடம். முடிச்சு விடுங்க, உங்களுக்கும் இந்த மாசம் முடிச்ச கேஸ் கணக்குல ஒண்ணு ஏறும்" என்றேன்.

"ஏறும். ஆறு மாசத்துல இவரையே இன்னொரு கேஸ்ல கொண்டாந்து நிறுத்துவாங்க. அதையும் முடிச்சா ரெண்டு கணக்கு. நான் கெட்டிக்காரின்னு பேரும் வரும்" என்றார்.

கடைசியில் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் அக்கா செல்வி வந்தார். "என்ற ஊட்டுலயே இருக்கட்டுங்க. மறுக்கா கை நீட்டுனான்னா நானே ஸ்டேசன்ல உட்டுருவேனுங்க." ஜட்ஜம்மா சிரித்துவிட்டு, ராசுவை நன்னடத்தைப் பத்திரத்தில் விடுவித்தார். அதற்குப் பிறகு எந்தக் கோர்ட்டிலும் அவனை நான் பார்க்கவில்லை.

பதவி உயர்வுப் பட்டியலில் மேடம் பெயர் வரவில்லை. 'வழக்கு முடிப்பதில் மந்தம்' என்று அறிக்கை போயிருந்தது. போன் செய்தேன். அழுதார். "கோர்ட்டுக்குத் திரும்பி வராதவங்களை எழுதறதுக்கு, மாசாமாசம் கேஸ் கணக்கு அனுப்பற ஃபாரத்துல கட்டமே இல்லீங்க சார். நான் எதைக் கொண்டுபோய்க் காட்டுவேன்?" எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் காட்டுவது?

சாவுச் சேதி வந்த அன்றே வக்கீல்கள் சிலர் நாமக்கல்லில் அவர் வீட்டுக்குப் போனோம். வாசலில் சைரன் வைத்த கார்கள். கேட்டருகே ஒரு போலீஸ்காரர் யாரையோ மறித்து அதட்டுவது கேட்டது. "ஏண்டா, உனக்கு இங்க என்ன வேலை? பெரிய ஆளுங்க வர்ற எடம்." ராசுதான். முன்பு அவனைப் பிடித்த ஸ்டேசனில் இருந்த போலீஸ்காரர், ஆளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள் ராசு போய்விட்டான். கையில் மாலையோடு செல்வி மட்டும் நின்றிருந்தார்.

"மொகத்தை ஒருக்காப் பாத்துட்டுப் போயிடறேன்னுதானுங்க சொன்னான். உள்ள உடலீங்க."

அந்தப் போலீஸ்காரரிடம் வாய்க்கு வந்ததைப் பேசினேன். பிறகு செல்வியை உள்ளே கூட்டிப்போனேன். யார் என்று மேடத்தின் கணவர் கேட்டார். சொன்னேன். "ராசுவோட அக்காவா? இங்க மாறி வந்தப்புறமும் என் வீட்டம்மா மாசாமாசம் இவங்களுக்குப் போன் பண்ணி, 'தம்பி எப்படி இருக்காரு'ன்னு கேப்பாங்களே" என்றார். செல்வி அப்படியே உட்கார்ந்து அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.

அவர் விட்டுப்போன வேலையில் நான் எடுத்துக்கொண்டது, செல்விக்கு மாசாமாசம் பண்ணும் அந்த ஒரு போன்தான். போன ஞாயிற்றுக்கிழமை செல்வியை அழைத்தேன். "நல்லா இருக்கானுங்க. ஒழுங்கா வேலைக்குப் போறானுங்க" என்றார். போனை வைத்தேன். இந்தச் சேதியை இனி யாரிடம் போய்ச் சொல்வது?