மூன்று வேன்களுக்கு ரேடியோ

மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் இசபெல்லாவின் பட்டறைப் பக்கம் போனால் சுட்ட ரப்பரின் வாடை சட்டையில் ஏறிக்கொள்ளும். தேய்ந்த லாரி டயர்களுக்கு அங்கே புதுத்தோல் போட்டார்கள். பத்து காஜா ஊர்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் பால் வெட்டிய சவரிநாதனின் மகள் அவள். கான்வென்டில் படித்து, டயர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து, 1974இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். முதலீட்டில் பாதி அவளும் கணவன் பெர்னார்டும் போட்டது. மறுபாதி செட்டிநாட்டுக் குடும்பத்து வயிரவனுடையது. பெர்னார்ட் வேனில் போய், வழியில் நின்றுவிட்ட லாரிகளுக்கு டயர் மாற்றினான். அவன் வேனோடு சேர்த்து மூன்று வேன்கள் ஓடின.

1982இல் ஈப்போவில் ஒரு டயர் கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கியது. வயிரவனுக்குத் தூக்கம் போயிற்று. அடுத்த வாரமே தங்களுக்கும் ஒன்று வாங்கக் காசோலையோடு இசபெல்லாவின் மேசைக்கு வந்தார். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும்.

"எதுக்கு அண்ணே இது?" என்றாள்.

"கணக்கு சீக்கிரம் முடியும். ஆபீசுக்கு வர்றவங்க பாத்தா ஒரு மதிப்பு இருக்கும்லா."

"நம்ம கஸ்டமர் எவன் ஆபீசுக்கு வர்றான்? கணக்கு லேட்டாச்சுன்னு ஒருத்தனும் நம்மள விட்டுப் போகல. வேன் லேட்டாச்சுன்னுதான் போறானுங்க."

அது உண்மை. தெற்கே தொலைவில் பீடோரில் லாரி நிற்கிறது என்று பட்டறைக்குப் போன் வரும். பெர்னார்ட் அப்போது பீடோர் பக்கமே இருப்பான். அவனுக்குச் சொல்ல வழி கிடையாது. ஜெலாப்பாங்குக்கு வந்து சேர்ந்த பிறகு மறுபடியும் பீடோருக்கே ஓடுவான். அதனால் வேன்களுக்கு ரேடியோ செட் வேண்டும் என்று இசபெல்லா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வயிரவன் பட்டறை மூலையைக் காட்டினார். கார் டயருக்கான இயந்திரம் ஒன்று அங்கே துருப்பிடித்துக் கிடந்தது. "அத வாங்குனது யாரும்மா?"

"நான்தான். கார்க்காரன் நம்மகிட்ட வருவானான்னு யோசிக்காம, புதுசுன்னு வாங்கிட்டேன். ஒருதரம் பட்டது போதும்."

"எஸ்டேட்டுல பொறந்தவங்களுக்கு யோசன அவ்வளவுதான் போகும்."

இசபெல்லா பேனாவை மூடி வைத்தாள். "எஸ்டேட்டுல பொறந்ததாலதான் எனக்குத் தெரியுது. எங்க பாத்தாலும் பால்மரத்தச் சாச்சுட்டு எண்ணெய்க்குச் செம்பன நடுறானுங்க. ரப்பர் ஷீட்டு நாலு நாள் கெடந்தாலும் ஒன்னும் ஆகாது. செம்பனக் கொல மறுநாளே கெட ஆரம்பிச்சிரும். அந்த லாரிய ரோட்டுல நிக்க விடாம பாத்துக்கிறவனுக்குத்தான் இனிமே யாவாரம். நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"அப்ப என் பங்கப் பிரிச்சுக் குடுங்க."

"குடுக்கிறேன்."

அன்று மாலை பெர்னார்ட் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். "அவரு போயிட்டா தாங்குமா பெல்லா?"

"தாங்கலன்னா விழுவோம். அடுத்தவனப் பாத்து வாங்கிட்டு விழுறதுக்கு, நாமளே யோசிச்சுச் செஞ்சிட்டு விழலாம்."

வயிரவனின் பங்கைக் கொடுக்க வீடு அடமானத்துக்குப் போனது. கார் டயர் இயந்திரம் பழைய இரும்பாகப் போனது. ரேடியோவுக்கு உரிமம் கேட்டு நடையாய் நடந்தாள். டயர் கடைக்கு எதற்கு ரேடியோ என்று அதிகாரி சிரித்தார். "நீங்க கையெழுத்துப் போடுங்க, எதுக்குன்னு வந்து காட்டுறேன்" என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கிடைத்த ரேடியோவும் முதலில் மானத்தை வாங்கியது. கோப்பெங் தாண்டினால் வெறும் இரைச்சல். வயிரவன் காதுக்கும் அது எட்டியது. ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். இசபெல்லா பீடோரில் ஒரு வாடிக்கையாளரின் கடைக் கூரையில் இன்னொரு ஏரியலை நட்டுவைத்தாள். இரைச்சல் அடங்கியது.

ஒரு மழைநாளில் மாயாண்டி என்ற டிரைவரின் செம்பனை லாரி பீடோருக்கு வெளியே டயர் வெடித்து நின்றது. அவர் காப்பிக்கடை வரைக்கும் நடந்து போய்ப் போன் செய்தார். பெர்னார்ட் பக்கத்து ஊரான தாப்பாவில் இருந்தான்; பட்டறையிலிருந்து ரேடியோவில் சேதி போனது. மாயாண்டி நனைந்தபடி லாரிக்குத் திரும்பி நடக்கும்போதே வேன் அவரைத் தாண்டிப் போய் லாரியிடம் நின்றது. குலைகள் அன்றே எண்ணெய் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த மாதமே ஆலைக்காரர்கள் தங்கள் லாரிகள் அத்தனைக்கும் டயர் வேலையை இசபெல்லாவிடம் விட்டார்கள்.

1985இல் ஈய விலை விழுந்தது. ஈப்போவைச் சுற்றிய கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்க லாரிகள் வரிசையாக நின்றுபோயின. அவற்றை நம்பிய டயர் பட்டறைகளில் சில மூடின. இசபெல்லாவுக்கும் அடி விழுந்தது; ஒரு வேனை விற்றாள், ஆளைக் குறைக்கவில்லை. செம்பனை லாரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அவை ஓடும்வரை பட்டறையும் ஓடியது.

இரண்டு வருடம் கழித்து அவளே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாள். எந்த டயருக்கு எத்தனை முறை தோல் போட்டாயிற்று, இன்னொரு முறை தாங்குமா என்று ஆலைக்காரர்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். பெர்னார்ட் கேலி செய்தான். "இப்பத்தான் இதுக்கு வேல வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுத் தானே தட்டக் கற்றுக்கொண்டாள்.

வயிரவன் ஒருநாள் வந்தார். ஈப்போவில் பெரிய கம்பெனி ஒன்றுக்காகப் பட்டறையை விலை பேசினார். இசபெல்லா அவருக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

"நல்ல வெலம்மா. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சிட்டேன் அண்ணே. விக்கல."

"பெரிய ஆளுங்க. மோதி நிக்க முடியாது."

"மோதிப் பாக்குறேன்."

அவர் மைலோவை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனார். மறுநாள் காலை இசபெல்லா பெர்னார்டைக் கூட்டிக்கொண்டு தெலுக் இந்தான் சாலையில் இன்னொரு பட்டறைக்கு நிலம் பார்க்கக் கிளம்பினாள். அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலும் செம்பனை காய்க்கத் தொடங்கியிருந்தது.